கூட்டம் கேட்டால் திருப்பிப் போடு: ‘ரீ-ரிவைண்ட்’ பாடலும் லண்டன் கராஜ் இசையும்

1999 டிசம்பர் முதல் வாரத்தில் பிரிட்டனின் சிங்கிள் (தனிப்பாடல்) விற்பனைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. முதலிடத்தில் கிளிஃப் ரிச்சர்ட். லக்னோவில் பிறந்து, ராக் அண்ட் ரோல் காலத்தில் பெயரெடுத்த அவருக்கு அப்போது 59 வயது. ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் ஜெபத்தை, புத்தாண்டு நள்ளிரவில் ஆங்கிலேயர்கள் கைகோத்துப் பாடும் பழைய ஸ்காட்லாந்து மெட்டில் பொருத்தி, ‘தி மில்லேனியம் பிரேயர்’ என்ற பெயரில் வெளியிட்டிருந்தார். வானொலி நிலையங்கள் பல அதை ஒலிபரப்பவே மறுத்தன. ஆனாலும் மூன்று வாரங்கள் அந்தப் பாடல் உச்சியிலிருந்து அசையவில்லை. அதன் நேர் கீழே, வந்த வாரமே இரண்டாமிடத்தைப் பிடித்து நின்றது 18 வயதுப் பையன் ஒருவன் பாடிய நடனப் பாடல். பெயர் ‘ரீ-ரிவைண்ட், தி கிரவுட் ஸே போ செலக்டா’. இசை ‘தி ஆர்ட்ஃபுல் டாட்ஜர்’ என்ற இரட்டையர். குரல் கிரெய்க் டேவிட்.

மேலே இருந்த பாட்டு கடவுளிடம் வேண்டியது. கீழே இருந்த பாட்டு டிஜேயிடம் வேண்டியது.

இரண்டாவதைச் சொல்லும்போது நான் மிகைப்படுத்தவில்லை. காதலும் ஏக்கமும் இந்தப் பாட்டில் ஓரமாகத்தான் வந்துபோகின்றன. கூட்டம் ஆரவாரித்தால் இசைத்தட்டைப் பின்னால் சுழற்றி மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்பதே அதன் பல்லவியின் உள்ளடக்கம். ஒரு குறிப்பிட்ட நகரத்தில், குறிப்பிட்ட கிளப்புகளில் மட்டும் வழங்கிவந்த பழக்கம் அது. கிளப் வாசலையே மிதிக்காத பள்ளிச் சிறுவர்களும் கடைக்குப் போய் அந்தத் தட்டை வாங்கினார்கள். இது எப்படி நடந்தது என்பதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

டிஜே புதிய தட்டு ஒன்றை வைக்கிறார். முன்னுரையாக வரும் சிறு இசை முடிந்து, பேஸ் என்ற தாழ்ந்த, கனத்த ஒலி திடுமென இறங்குகிறது. பாட்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அரங்கத்தில் சுவரைத் தட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், சிகரெட் லைட்டரை உயர்த்திப் பிடிக்கிறார்கள், விரல்களைத் துப்பாக்கிபோல மடக்கி, அது வெடிக்கும் ஒலிபோல ‘போ! போ!’ என்று கத்துகிறார்கள். மைக்கைப் பிடித்துக் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருக்கும் எம்சி அந்தக் கூச்சலை டிஜேயிடம் ஒரு தீர்ப்பைப்போல எடுத்துச் சொல்கிறார். டிஜே தட்டின் மேல் விரலை வைத்துப் பின்னோக்கிச் சுழற்றுகிறார். ஒலியை அடக்குவதில்லை; ஊசி பின்னால் ஓடும் அந்தக் கிறீச்சொலி எல்லாருக்கும் கேட்க வேண்டும். ஒரு நொடி அமைதி. பிறகு அதே பாட்டு முதலிலிருந்து. இதுதான் ‘ரிவைண்ட்’. நம் நாடக மேடையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டவர்களாவது பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தார்கள். இங்கே பாட்டை நடுவிலேயே நிறுத்துவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

இந்த மரியாதை லண்டனில் பிறந்ததல்ல, ஜமைக்காவிலிருந்து வந்தது. கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் 1950களிலிருந்தே பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து நடனக் கூட்டங்கள் நடத்தும் ‘சவுண்ட் சிஸ்டம்’ குழுக்கள் இருந்தன. அங்கே தட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறவர்தான் ‘செலக்டர்’; பாட்டின் தலைப்பிலுள்ள ‘செலக்டா’ அவர்தான். ஒரு குழுவின் கௌரவம், மற்றவர்களிடம் இல்லாத தட்டு அதனிடம் இருப்பதில் அடங்கியிருந்தது. அதற்காகவே ஒரே ஒரு பிரதியாக வெட்டப்பட்ட தட்டுகள் வந்தன. அவைதான் டப்பிளேட்டுகள். 1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுன் ஊரைச் சேர்ந்த ரடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்குக் கிடைத்த டப்பிளேட் ஒன்றில், ஒலிப்பதிவாளரின் கவனக்குறைவால் பாடகரின் குரல் பதிவாகவே இல்லை என்றும், அதை அவர் போட்டபோது கூட்டமே வரிகளைப் பாடியது என்றும் ஜமைக்க இசை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் கதை உண்டு. குரல் இல்லாத இடத்தில் வேறு யாராவது பேசலாம் என்ற எண்ணத்துக்கு அதுபோன்ற இரவுகள் இடம் கொடுத்தன. கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இந்தப் பழக்கங்கள் அனைத்தையும் கூடவே கொண்டுவந்தன.

இனி மற்றொரு கிளை. ‘கராஜ்’ என்ற பெயரும் அதன் தொடக்க இசையும் நியூயார்க்கைச் சேர்ந்தவை. கிங் தெருவில் வாகனக் கொட்டகையாக இருந்த கட்டடத்தில் 1977 முதல் 1987 வரை ‘பாரடைஸ் கராஜ்’ என்ற கிளப் நடந்தது. அங்கே டிஜே லாரி லெவன் போட்ட பாடல்களில் தேவாலயப் பாட்டின் சாயல் இருந்தது. பெண் குரல்கள் உருகின. அந்தச் சாயலோடு நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் பிறகு உருவான ஹவுஸ் என்ற நடன இசைக்கு அந்தக் கிளப்பின் பெயரே நிலைத்துவிட்டது.

1990களின் நடுவில் இந்த அமெரிக்கத் தட்டுகள் தெற்கு லண்டனுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிக்கொண்டன. சனிக்கிழமை இரவு ‘மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட்’ கிளப்பில் ஆடி முடித்தவர்களுக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எலிஃபண்ட் அண்ட் காசில் பகுதியிலிருந்த மதுக்கூடங்கள் ஞாயிறு காலையில் அவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தன. அதே சமயத்தில் வேறு அரங்குகளில் ஜங்கிள் இசை கொடிகட்டிப் பறந்தது. நிமிடத்துக்கு 160க்கும் மேற்பட்ட தாள அடிகள், இருண்ட மனநிலை, வியர்வை வழியும் ஆண்கள் கூட்டம். அதில் சலித்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், பக்கத்து அறையில் ஒலித்த மென்மையான கராஜ் பக்கம் நகர்ந்தார்கள். ஆனால் ஜங்கிளின் வேகத்துக்குப் பழகிய காதுகளுக்கு அமெரிக்கத் தட்டுகள் மந்தமாகத் தெரிந்தன. டிஜேக்கள் டர்ன்டேபிளின் வேகக் கட்டுப்பாட்டை மேலே தள்ளினார்கள்; எட்டு சதவீதம்வரை தள்ளலாம். அப்படித் தள்ளினால் பாடகியின் குரல் அணில் கீச்சிடுவதுபோல ஆகிவிடும். ஆகவே குரல் குறைவாக உள்ள மறுபக்கப் பதிப்பைத் தேடிப் போட்டார்கள். குரல் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் எம்சி நுழைந்தார். எம்சிக்கும் ரிவைண்டுக்கும் லண்டன் கராஜில் இடம் கிடைத்ததன் பின்னால் இப்படி ஓர் எளிய தொழில்நுட்பக் காரணமும் இருந்தது.

சில ஆண்டுகளில் லண்டன்காரர்கள் இறக்குமதியை நம்பியிருப்பதை விட்டுத் தாங்களே பாட்டுச் செய்யத் தொடங்கினார்கள். 1997இல் ‘ஸ்பீட் கராஜ்’ என்ற பெயரில் ஓர் அலை வந்துபோனது. பிறகு நிலைத்தது ‘2-ஸ்டெப்’. ஹவுஸ் இசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஒவ்வோர் எண்ணிக்கையிலும் பெரிய டிரம் ‘தும்’ என்று விழும். கால் தானாகவே அடி வைக்கும். 2-ஸ்டெப் அந்த நான்கில் சிலவற்றைப் பிடுங்கிவிட்டது. ஒன்றில் ‘தும்’ உண்டு. இரண்டிலும் நான்கிலும் கைதட்டல்போல ஒலிக்கும் ஸ்னேர் டிரம் மட்டும். மூன்றில் வரவேண்டிய ‘தும்’ அதற்குச் சற்று முன்போ பின்போ நழுவி விழுகிறது, அல்லது வராமலே போய்விடுகிறது. இடையில் ஓடும் சிறிய ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற தட்டு) சத்தங்கள் சம இடைவெளியில் இல்லாமல் சற்றே பிந்திப் பிந்தி விழுகின்றன. நிமிடத்துக்குச் சுமார் 130 அடி என்ற வேகத்தில் இதெல்லாம் நடக்கும்போது, விட்டுப்போன அடியை ஆடுகிறவரின் உடம்பே நிரப்ப வேண்டியிருக்கிறது. தோளும் இடுப்பும் முந்திக்கொள்கின்றன, கால் பின்தங்குகிறது. பேஸ் ஒலியோ அந்த இடைவெளிகளில் தனக்கென ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு உலவுகிறது.

குரலையும் அவர்கள் சும்மா விடவில்லை. நியூஜெர்சியைச் சேர்ந்த டாட் எட்வர்ட்ஸ், பாடல்களிலிருந்து அரை அசை, கால் அசை அளவுக்குத் துண்டுகளை வெட்டி எடுத்துப் புது மெட்டாகக் கோத்த விதம் லண்டன் இசையமைப்பாளர்களை மயக்கியது. பாடகரின் குரல், ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவிக்குள் போய் ஒரு தாளவாத்தியமாக வெளியே வந்தது. ‘ரீ-ரிவைண்ட்’ தலைப்பிலுள்ள அந்த ஒற்றைத் திக்கல் இங்கிருந்து வருவதுதான்.

இந்த இசை மக்களிடம் போய்ச் சேர்ந்த வழி பைரேட் வானொலி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டை மாடியில் ஆண்டெனாவைக் கட்டி, ஏதோவொரு வீட்டின் படுக்கையறையிலிருந்து வார இறுதி முழுவதும் ஒலிபரப்புவார்கள். உரிமம் கிடையாது. அதிகாரிகள் வந்து கருவியைப் பறித்துப்போனால் அடுத்த வாரமே வேறொரு மாடியில் வேறொரு கருவி முளைக்கும். ரின்ஸ், ஃப்ரீக், டிலைட் என ஏகப்பட்ட நிலையங்கள். புதிய பாட்டை வட லண்டனிலுள்ள ‘மியூசிக் ஹவுஸ்’ போன்ற கடையில் டப்பிளேட்டாக வெட்டி எடுத்துக்கொண்டு நேராக வானொலிக்கும் கிளப்புக்கும் போவார்கள். அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய அரக்குப் பூச்சில் வெட்டிய அந்தத் தட்டு, சில பத்து முறை ஓட்டினாலே தேயத் தொடங்கிவிடும். அதற்குள் கூட்டம் ரிவைண்ட் கேட்டதா இல்லையா என்பதை வைத்துத்தான் அந்தப் பாட்டை ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதா என்று முடிவு செய்தார்கள். ரிவைண்ட் இங்கே சந்தை ஆய்வும்கூட. ஆனால் கிளப்புக்குள் நுழைவது அத்தனை எளிதாக இருக்கவில்லை. ஜீன்ஸ் கூடாது, விளையாட்டுக் காலணி கூடாது; உள்ளே வெர்சாச்சி, மொஸ்கினோ ஆடைகளும் ஷாம்பெயினும். வாரமெல்லாம் சாதாரண வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு இரவில் சீமான்களாகத் தெரிய விரும்பினார்கள். இதைக் கேலி செய்வதற்கு நான் எந்தக் காரணத்தையும் காணவில்லை.

1999 மே மாதத்தில் ஷாங்க்ஸ் அண்ட் பிக்ஃபுட்டின் ‘ஸ்வீட் லைக் சாக்லேட்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கராஜ் பாட்டு அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. நல்ல மெட்டுதான். ஆனால் அதைக் கேட்டு லண்டன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஒருவருக்கு எதுவும் தெரிந்துவிடாது. இனிப்பான காதல் பாட்டு, அவ்வளவே.

‘ரீ-ரிவைண்ட்’ அந்த வேலையைச் செய்தது. அதைச் செய்தவர்கள் லண்டன்காரர்களே இல்லை என்பதுதான் இதில் ருசியான செய்தி. மார்க் ஹில்லும் பீட் டெவெரோவும் தென்கடற்கரையிலுள்ள சவுத்ஹாம்ப்டனில் இயங்கியவர்கள். டைட்டானிக் கப்பல் கிளம்பிய அந்தத் துறைமுக நகரம் லண்டனிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், டிக்கன்ஸ் நாவலில் வரும் ஜேப்படித் திருட்டுப் பையனுடையது. அடுத்தவர் பாட்டுகளை அனுமதி கேட்காமல் எடுத்து ரிமிக்ஸ் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். கிரெய்க் டேவிட்டும் அதே ஊர். அவருடைய தந்தை கிரெனடா தீவிலிருந்து வந்தவர். ‘எபனி ராக்கர்ஸ்’ என்ற ரெகே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். மகன் பள்ளி வயதிலேயே உள்ளூர்க் கிளப்புகளில் தட்டுப் போடவும் மைக் பிடிக்கவும் தொடங்கிவிட்டார். ஆக, அவர் பாடகராக வருவதற்கு முன்பே எம்சியாக இருந்தவர். இந்த வரிசையைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டை இப்போது கேளுங்கள். டெவெரோவும் ஹில்லும் இடைவெளிகளை நிரப்பும் ஆசையை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். நழுவி விழும் டிரம், வழவழப்பான பேஸ், நடுவே கண்ணாடி உடையும் சத்தம், இடையிடையே தட்டு பின்னால் ஓடும் ஒலி. அதற்கு மேல் டேவிட்டின் குரல். ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாடகர்களின் குழைவு அதில் இருக்கிறது, ஆனால் அசைகள் எம்சியின் கணக்கில் விழுகின்றன. ஒரு வரியில் இழுத்துப் பாடிவிட்டு அடுத்த வரியில் பொரிந்து தள்ளுகிறார். டிஜேயை விளிக்கிறார். கூட்டம் என்ன சொல்கிறது என்று அறிவிக்கிறார். நடுவில் தன் முழுப் பெயரையும் சொல்லிக்கொள்கிறார். பாடகர்கள் தங்கள் பெயரைப் பாட்டுக்குள் சொல்வதில்லை. எம்சிகள் சொல்வார்கள், பைரேட் வானொலியில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாவிட்டால் யார் பேசுகிறார்கள் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பாட்டின் சாமர்த்தியம் இதுதான் என்று நினைக்கிறேன். கிளப்பில் பாட்டு, எம்சி, கூட்டம், டிஜேயின் கை ஆகிய நான்கும் தனித்தனி. கடையில் விற்கும் தட்டில் முதலாவது மட்டும்தான் கிடைக்கும். மீதி மூன்றையும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ‘ரீ-ரிவைண்ட்’ நான்கையும் ஒரே தட்டில் அடைத்தது. கூட்டத்தின் குரல் பல்லவியாயிற்று, எம்சியின் வேலை பாடகரின் வாய்க்கு மாறியது, டிஜேயின் கை சத்தமாகப் பதிவாயிற்று. அதனால்தான் கிளப்புக்குப் போக வயதில்லாத 13 வயதுப் பிள்ளை படுக்கையறையில் கேட்டபோதும் அது முழு அனுபவமாக இருந்தது. கிளப்புக்குள் அது இன்னும் விசித்திரமாக வேலை செய்தது. ரிவைண்ட் கேட்கும் பாட்டுக்கே கூட்டம் ரிவைண்ட் கேட்டது; எந்தக் கிறீச்சொலி தட்டில் உள்ளது, எது டிஜேயின் விரலால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அட்டையில் ‘தி ஆர்ட்ஃபுல் டாட்ஜர்’ பெயர் முதலில், பாடகர் பெயர் பிறகு. ஆனால் நான்கே மாதங்களில் நிலைமை தலைகீழானது. 2000 ஏப்ரலில் டேவிட்டின் ‘ஃபில் மீ இன்’ முதலிடம். அதே ஆண்டில் ‘7 டேஸ்’ பாட்டும் முதலிடம். ஆகஸ்டில் வந்த ‘பார்ன் டு டூ இட்’ தொகுப்பு பிரிட்டனில் உச்சியைத் தொட்டு அமெரிக்காவிலும் நன்றாக விற்றது. அவற்றிலும் மார்க் ஹில்லின் கைவண்ணம் இருந்தது. ஆனால் தொகுப்பு போகப்போக கராஜ் தணிந்து ஆர் அண்ட் பி ஓங்குவதைக் காதால் கேட்க முடியும். 18, 19 வயதுப் பையனுக்கு உலகச் சந்தை கதவைத் திறக்கும்போது அவன் ஞாயிற்றுக்கிழமை மதுக்கூடத்திலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. கராஜ் விசுவாசிகள் சிலர் அப்படி எதிர்பார்த்தார்கள்.

எம்சியின் பேச்சைப் பாடகர் வாங்கிக்கொண்டார். எம்சிகள் வேறொரு முடிவுக்கு வந்தார்கள்: பாடகர் எதற்கு? 2000 மே மாதத்தில் ஆக்ஸைட் அண்ட் நியூட்ரினோவின் ‘பௌண்ட் ஃபோர் டா ரீலோட்’ முதலிடம் பிடித்தது. ‘ரீலோட்’ என்பதும் ரிவைண்டுக்கு வழங்கும் இன்னொரு பெயர்தான். பிபிசியின் மருத்துவமனைத் தொடர் ஒன்றின் முகப்பிசையை எடுத்து, அதன் மேல் துப்பாக்கிச் சத்தத்தையும் எம்சியின் கரகரத்த குரலையும் வைத்திருந்தார்கள். ஷாம்பெயின் டிஜேக்கள் பலர் முகம் சுளித்தார்கள். இதெல்லாம் கராஜா என்று கேட்டார்கள். ஆக்ஸைடும் நியூட்ரினோவும் உறுப்பினர்களாக இருந்த ‘ஸோ சாலிட் க்ரூ’ 2001 ஆகஸ்டில் ‘21 செகண்ட்ஸ்’ பாட்டோடு முதலிடத்துக்கு வந்தது. பெரிய கும்பல், மைக் ஒன்று. ஆளுக்கு 21 வினாடி என்று பங்கு போட்டுக்கொண்டதே அந்தப் பாட்டின் அமைப்பும் தலைப்பும். ஞாயிற்றுக்கிழமை நாகரிகம் அதில் துளியும் இல்லை. தெற்கு லண்டன் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாழ்க்கை நேரடியாக இருந்தது.

அதே ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் லண்டன் அஸ்டோரியா அரங்கில் அந்தக் குழுவின் நிகழ்ச்சியின்போது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் காயமடைந்தார்கள். குழுவின் சுற்றுப்பயணம் ரத்தாயிற்று. நாளிதழ்கள் கராஜ் என்றாலே துப்பாக்கி என்று எழுதின. அரங்க உரிமையாளர்கள் பின்வாங்கினார்கள். பின்னாளில் லண்டன் காவல் துறை கொண்டுவந்த ‘படிவம் 696’, நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் பாடுவோரின் பெயர், முகவரி மட்டுமல்லாமல் என்ன வகை இசை, எந்த இன மக்கள் வருவார்கள் என்றுகூடக் கேட்டது. இனம் பற்றிய கேள்வி பிறகு நீக்கப்பட்டது. படிவமே 2017இல்தான் கைவிடப்பட்டது. குற்றத்தைத் தடுப்பது நோக்கம் என்றால், இசை வகையை ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு நியாயமான பதிலை யாரும் தந்ததாகத் தெரியவில்லை. எம்சிகள் தங்கள் வழியே போய் ‘கிரைம்’ (grime; குற்றம் அல்ல, அழுக்கு என்று பொருள்) என்ற இசையை உருவாக்கினார்கள். குரலே வேண்டாம் என்று பேஸ் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டவர்களிடமிருந்து டப்ஸ்டெப் வந்தது. பாடல், எம்சி, பேஸ் என்று ‘ரீ-ரிவைண்ட்’ ஒன்றாகக் கட்டிவைத்திருந்தவை மூன்று திசைகளில் பிரிந்தன.

டேவிட்டுக்கு வேறு வகையான அடி விழுந்தது. 2002இல் சேனல் 4 தொலைக்காட்சியில் ‘போ செலக்டா!’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியது. தலைப்பே அவர் பாட்டிலிருந்து எடுத்தது. ரப்பர் முகமூடி போட்ட நடிகர், கையில் பொம்மைப் பருந்தோடு, தன் பெயரைத் தானே இழுத்து இழுத்துச் சொல்லும் கிரெய்க் டேவிட்டாக வந்தார். பைரேட் வானொலியில் பிழைப்புக்குத் தேவையாக இருந்த ஒரு பழக்கம், அந்தப் பின்னணி தெரியாத தேசம் முழுவதற்கும் தற்பெருமையாகத் தெரிந்தது. அந்தக் கேலி தன்னை எவ்வளவு காயப்படுத்தியது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அவர் வெளிப்படையாகப் பேசினார்.

2010களில் காற்று திரும்பியது. பைரேட் வானொலிக்காரர்களைப் பகடி செய்யும் ‘பீப்பிள் ஜஸ்ட் டூ நத்திங்’ தொடரின் குருப்ட் எஃப்எம் கும்பல் 2015இல் பிபிசி 1எக்ஸ்ட்ரா வானொலிக்கு வந்தபோது, டேவிட்டும் உடன் வந்தார். வேறொருவரின் புதிய நடன இசையை ஓடவிட்டு அதன் மேல் ‘ஃபில் மீ இன்’ வரிகளைப் பாடினார். சவுத்ஹாம்ப்டன் கிளப்புகளில் மைக் பிடித்த காலத்தில் செய்த அதே வேலை. காணொளி காட்டுத்தீயாகப் பரவியது. மறு ஆண்டு அவருடைய புதிய தொகுப்பு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது. இளைய தலைமுறையும் பழைய தட்டுகளைத் தோண்டத் தொடங்கியது. பாடகி பிங்க்பாந்தரெஸ் 2021இல் தன் பாட்டு ஒன்றுக்கு, 2000ஆம் ஆண்டின் கராஜ் வெற்றியான ‘ஃபிளவர்ஸ்’ பாட்டிலிருந்து துண்டெடுத்தார்.

டேவிட் இப்போது ‘டிஎஸ்5’ என்ற பெயரில் நடத்தும் நிகழ்ச்சிகளில் இசைக்குழு கிடையாது. மேடையில் டிஜே கருவிகளுக்குப் பின்னால் அவரே நிற்கிறார். அவரே தேர்ந்தெடுக்கிறார், அவரே பேசுகிறார், அவரே பாடுகிறார். ‘ரீ-ரிவைண்ட்’ வரும்போது, கூட்டம் கத்தினால் நிறுத்த வேண்டிய கையும் அவருடையதுதான்.